சீர்த்தட்டில் வந்த நான்கு சக்கரங்கள்

புரட்டாசி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து வானம் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். ஆடியும் ஆவணியும் அள்ளி இறைத்த புழுதி அடங்கும். மேற்கே மலைத்தொடரின் தோள்களில் கருமுகில்கள் வந்து தங்கும். பெய்யவும் செய்யா, கலையவும் செய்யா. வெயில் இன்னும் விடைபெறாமலும் மழை இன்னும் வாசல் தாண்டாமலும் இருக்கும் அந்த இடைப்பொழுதில், மண்ணும் மரமும் மூச்சடக்கி நிற்பதுபோல் தோன்றும். கண்மாயின் அடியில் எஞ்சிய கொஞ்ச நீரில் முகிலின் நிழல் அசையாமல் கிடக்கும். வீடுகளில் மீன்சட்டிகள் கழுவிப் பரணேற்றப்படும். கடைவீதியில் துளசி குவியும். சனிக்கிழமைதோறும், கிழக்கு வெளுக்கும் முன்பே, திருவண்ணாமலை என்று பெயர் பெற்ற ஊர்ப்புறத்துச் சிறுகுன்றை நோக்கி நாமம் தரித்த நெற்றிகள் வரிசையாக நடக்கும். படியேறும் அடியவர் அழைக்கும் 'கோவிந்தா' என்னும் திருநாமம் பாறையில் பட்டு, அழைத்தவர் செவிக்கே திரும்பி வரும். நீலமேனியான் நிறத்தை வானம் வாங்கி உடுத்துகிற மாதம் அது. அந்த மாதத்தில் நெஞ்சில் மாசு தங்கலாகாது என்பது அவ்வட்டாரத்தார் நம்பிக்கை.

அப்படிப்பட்ட மாதத்தின் முதல் சனிக்கிழமையில்தான் வெங்கடேஸ்வரியின் கார் புளியமரத்தில் மோதியது.

இராஜபாளையத்திலிருந்து குன்றுக்குப் புறப்பட்டவர்கள் மூவர். வண்டியை ஓட்டியவர் அவள் கணவர் பாலகணேஷ். நூற்பாலையில் மின்பணி பார்ப்பவர். எதிரே வெறும் சாலை கிடந்தாலும் ஒலிப்பான் அடித்துவிட்டுத் திரும்புகிற அளவுக்கு நிதானம். பின்னிருக்கையில் வெங்கடேஸ்வரியும் எட்டு வயது மகள் மாரிச்செல்வியும். மாவிளக்குக்கு இடித்த மாவு தூக்குச்சட்டியில் இருந்தது. வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டியதும் சாலையில் ஒரு பள்ளம். பேருந்தும் லாரியும் அன்றாடம் இறங்கி ஏறுகிற பள்ளம்தான். இவர்கள் வண்டி இறங்கியது, ஏறவில்லை. முன்பக்கத்து இடச்சக்கரம் கோயிற்படியில் தேங்காய் சிதறும் ஓசையோடு பிளந்தது. வண்டி தன் போக்கில் சாலையை விட்டு விலகி, ஓரத்து மரத்தில் நெற்றியை முட்டி நின்றது.

மாரிச்செல்வியின் இடக்கை முறிந்தது. மற்ற இருவருக்கும் சிராய்ப்பு. உடைந்த கண்ணாடிச் சில்லுகளின் மேல் மாவு வெள்ளை வெளேரென்று பரவிக் கிடந்ததை வெங்கடேஸ்வரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமாளுக்கென்று இடித்த மாவு.

"என்ன பாவம் பண்ணினோம்னு தெரியலையேங்க" என்றாள்.

பாலகணேஷ், பிளந்து கிடந்த சக்கரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சக்கரங்கள் வந்த விதத்தை இங்கே சொல்லவேண்டும்.

வைகாசியில் மாரிச்செல்விக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவது அங்கே மரபு. வெங்கடேஸ்வரிக்கு உடன்பிறந்தவன் ஒருவனே: வல்லரசு. அவளுக்கு ஒன்பது வயது இளையவன். தாயை இழந்த பிறகு அவள் ஊட்டி வளர்த்தவன். அறுவை மருத்துவத்துக்கான கட்டுத்துணி நெய்யும் சிறு தறிக்கூடம் ஒன்றை இராஜபாளையத்தில் நடத்திவந்தான். சீரென்றால் ஊர் பேசவேண்டும் என்பது அவன் எண்ணம். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை கொட்டுமேளத்தோடு சீர்வரிசை வந்தது. பழத்தட்டு, பட்டுத்தட்டு, பலகாரத்தட்டு எல்லாம் முன்னே செல்ல, கடைசியாக நான்கு ஆடவர் தலையில் நான்கு பித்தளைத் தாம்பாளங்கள். ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டிட்டு, மல்லிகைச் சரம் சுற்றிய ஓர் அலாய் சக்கரம்! வெள்ளிபோல் மின்னி, வெயிலைத் திருப்பி அடித்தது.

மண்டப வாசலில் நின்ற பாலகணேஷின் பெரியப்பா மகன் பேச்சிமுத்து வாயைப் பொத்திச் சிரித்தான். "ஏலே வல்லரசு, சக்கரத்த மட்டும் கொண்டாந்திருக்க. மிச்சக் காரு பின்னால வருதா?"

"மிச்சக் காரு எங்க மச்சான்கிட்ட இருக்குல்லா. காலுக்குச் செருப்பு தேஞ்சு போச்சு, அதான் புதுசு வாங்கியாந்தேன்" என்றான் வல்லரசு. கூட்டம் ஆரவாரித்தது.

அன்று மாலையே வண்டியின் பழைய இரும்புச் சக்கரங்கள் கழற்றப்பட்டுப் புதியவை ஏறின. பழையவை பதினான்கு அங்குலம், இவை பதினாறு. வண்டி ஒரு சாண் உயர்ந்து ராஜநடை போட்டதாகவே வெங்கடேஸ்வரிக்குத் தோன்றியது. "பழசு நாலையும் ஒங்க வீட்ல எங்க வைப்பிய? என் குடோன்ல கெடக்கட்டும்" என்று வல்லரசே ஏற்றிக்கொண்டு போனான். அவன் மடியில் அமர்ந்து அழுத குழந்தை, காதில் புதுத் தோட்டோடு அவனுக்குக் கையசைத்தது.

அடுத்த மாதம் வண்டியின் காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. முகவர் ராஜரத்தினம் பத்தாண்டுப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் அலைபேசியை எடுப்பவர்.

"வண்டியில எதும் மாத்தினியளா தங்கச்சி? புதுசா எதும் பூட்டினியளா?" என்று கேட்டார்.

"வீலு மட்டும் மாத்தியிருக்கு அண்ணே. சீரா வந்தது."

"அப்ப அதச் சொல்லணும்மா. பெரிய சைஸா?"

"ஆமா, கொஞ்சம் பெருசு."

"பில்லு அனுப்புங்க. கம்பெனிலேருந்து ஆள் வந்து வண்டியப் பாப்பாங்க. சரின்னு பட்டா பாலிசில எழுதுவாங்க, பிரீமியம் கொஞ்சம் கூடும். சைஸு ரொம்ப மாறியிருந்தா ஒத்துக்க மாட்டாங்க, பழசையே மாட்டச் சொல்லுவாங்க. சொல்லாம விட்டா வீலு திருடு போனாலும் கெடையாது, அதனால எதும் ஆச்சுன்னா வண்டிக்கும் கெடையாது. வெளையாட்டுக் காரியம் இல்ல, ஆமா."

வெங்கடேஸ்வரி அன்று மாலையே தம்பியிடம் ரசீதைக் கேட்டாள். அவன் முகம் கறுத்தது. அதுவரை அவள் அவனிடம் கண்டிராத கறுப்பு.

"சீருக்குப் பில்லு கேக்குறியாக்கா?" என்றான். "அம்மா இருந்து செஞ்சிருந்தா அவிய கிட்டயும் பில்லு கேட்டிருப்பியா?"

அந்த ஒரு வார்த்தையில் அவள் கூசிப்போனாள். சீர்ப்பொருளின் விலையை உசாவுவது கொடுத்தவன் அன்பை எடைக்கல்லில் வைப்பதாகும் என்பதை அவள் அறிவாள். அறிந்தும் கேட்டோமே என்று இரவெல்லாம் வருந்தினாள். மறுநாள் ராஜரத்தினத்தை அழைத்து, "அந்த வீலக் கழட்டிட்டோம் அண்ணே. பழசுதான் ஓடுது. ஒண்ணும் மாத்தலைன்னே எழுதிருங்க" என்றாள். வாழ்நாளில் அவள் அறிந்து சொன்ன பொய்கள் மிகச் சில. தம்பியின் மானத்துக்காகச் சொன்ன அதை அவள் பொய்யென்றே எண்ணவில்லை.

விபத்து நடந்த மறுநாள், மகளின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டு வீடு சேர்த்தபின், வெங்கடேஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள பட்டறைக்குச் சென்றாள். வண்டி அங்கேதான் இழுத்துவரப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் சங்கையா, உடைந்த சக்கரத்தின் ஒரு பாதியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"இங்க பாருங்க தாயி. இந்த ஓரம் பளிச்சின்னு இருக்கா? இது நேத்து ஒடஞ்சது. இதுக்குள்ள கறுப்பா ஒரு கோடு ஓடுதா? இது பழைய கீறல். வெல்டிங் வச்சு, ராவி, பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கான் மகராசன்."

வெங்கடேஸ்வரி அந்தக் கோட்டில் விரலை வைத்தாள். நூற்பாலையில் நூலின் தரம் பார்ப்பது அவள் வேலை. மைல் கணக்கில் ஓடும் நூலில் மயிரளவு நைந்த இடத்தையும் அவள் விரல் காட்டிக்கொடுக்கும். அந்த விரலுக்கு இந்தத் தழும்பு நான்கு மாதமாகத் தட்டுப்படவே இல்லை; தொட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே அதற்கு வந்ததில்லை.

"மத்த மூணும்?"

"ரெண்டுல வெல்டிங் இருக்கு. ஒண்ணு கோணல். எங்கயோ அப்பளமா நொறுங்கின வண்டில கழட்டினது, தாயி. புதுசு கெடையாது."

அவளுக்கு முதலில் பொங்கியது தம்பியின்மேல் இரக்கமே. "எந்தப் பாவியோ எந்தம்பிய ஏமாத்திட்டான்" என்றாள். "வெள்ளந்திப் பய. காசையும் கொடுத்து, இந்தக் குப்பையையும் வாங்கிட்டு வந்திருக்கானே!"

சங்கையா அவளை ஒருமாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோங்க. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் சேதம் பாக்க நாளைக்குத்தான் வாறாரு. நீங்க போட்டோ எதும் அனுப்பலையே? முதல்ல கெடந்த இரும்பு வீலு நாலும் இருக்கா?"

"தம்பி குடோன்ல இருக்கு."

"கொண்டாங்க. மாட்டிருவோம். ஒண்ண மட்டும் நான் சம்மட்டில நாலு வீசு வீசி நெளிச்சுத் தாரேன். பள்ளத்துல விழுந்துச்சு, மரத்துல மோதுச்சு. அம்புட்டுத்தான் கதை. இல்லைன்னா ஒத்தப் பைசா வராது, சொல்லிட்டேன். இந்த வண்டிக்கு ஆகுற செலவுக்கு நீங்க வேற வண்டியே வாங்கிரலாம்."

அந்த வண்டி அவர்கள் ஆறாண்டு உழைப்பு. பாலகணேஷ் இரட்டைப்பணி பார்த்துச் சேர்த்தது. அவள் மனம் ஊசலாடியது. எப்படியும் தம்பி ஏமாந்த செய்தியை அவனுக்குச் சொல்லவேண்டும்; போன இடத்தில் சக்கரங்களையும் கேட்போம் என்று எண்ணி, இராஜபாளையத்துக்குப் பேருந்து ஏறினாள்.

வல்லரசின் வீட்டோடு ஒட்டியது தறிக்கூடம். வெளுத்த துணியின் காரநெடி வாசலிலேயே எதிர்கொண்டது. முற்றத்தில் அவன் காரைக் கழுவிக்கொண்டிருந்தவள் அவன் மனைவி பாண்டிசெல்வி. அக்காளும் தம்பியும் ஒரே வகை வண்டியை, ஒரே நிறத்தில், ஒரே மாதத்தில் வாங்கியவர்கள். சக்கரங்களை மூடும் பிளாஸ்டிக் தட்டுகள் நான்கும் கழற்றப்பட்டு, நுரை பூசிச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"வாங்க மதினி! பிள்ளைக்குக் கை எப்படியிருக்கு? அவிய ராவெல்லாம் தூங்கல, பொரண்டு பொரண்டு படுத்தாக" என்று ஈரக்கையைத் துடைத்தாள் பாண்டிசெல்வி. "நேத்து ஓடிவரணும்னு இருந்தேன். வண்டியக் கழுவிட்டு இன்னைக்குச் சாயங்காலம் வரலாம்னாக. பயப்படாதீக மதினி, எல்லாம் திருஷ்டி. எங்க வண்டி முன்னெல்லாம் ஒரே ஆட்டம், ஸ்டீரிங்கு கையில நிக்காது. இந்த வீலு மாட்டினதுக்குப் பொறவு பாருங்க, வைகாசிலேருந்து ஒரு ஆட்டம் கெடையாது."

வெங்கடேஸ்வரி குனிந்தாள்.

கறுத்த இரும்புச் சக்கரத்தின் நடுவில், நீர் வழிந்த இடத்தில், வெள்ளையும் சிவப்புமாக ஒரு திருமண். வண்டி வாங்கிய அன்று பூசைக்குப் பின் பாலகணேஷ் தம் கையால் எண்ணெய்ச் சாயத்தில் எழுதியவை நான்கு. மூன்று நேராக இருக்கும். நான்காவதில், "நானு, நானு" என்று தூரிகையைப் பறித்த குழந்தை மாரிச்செல்வி நடுச்செங்கோட்டைக் கோணலாக இழுத்துவிட்டாள். அழித்து எழுதப் போனவரை வெங்கடேஸ்வரிதான் தடுத்தாள். "இருக்கட்டுங்க. பெருமாளுக்குத் தெரியும், பிள்ளை போட்டதுன்னு."

அந்தக் கோணல் கோடு இப்போது தம்பியின் வண்டியில் இருந்தது.

பாண்டிசெல்வி காப்பி போட உள்ளே போனாள். அந்நேரம் வல்லரசின் பைக் உள்ளே நுழைந்தது. அக்காள் குனிந்து நிற்கும் இடத்தைக் கண்டதும் அவன் கால் தரையில் ஊன்றியபடியே நின்றுவிட்டது.

"ஏலே. இது யாரு வீலு?"

"உள்ள வாக்கா. மொதல்ல தண்ணி குடி."

"யாரு வீலுன்னு கேட்டேன்."

"ஒன்னோடதுதான். இப்ப என்ன? குடோன்ல சும்மா துருப்பிடிச்சுக் கெடக்குதேன்னு எடுத்து மாட்டினேன். என்னுது கோணிப்போச்சு, எடைக்குப் போட்டேன்."

"நீ எனக்குத் தந்தது வெல்டிங் வச்சதுலே. ஒன்ன எவனோ ஏமாத்திட்டான்னு சொல்லத்தான் ஓடியாறேன்." அவள் குரல் அங்கே நின்றது. அவன் முகத்தில் வியப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவன் சாக்கடையில் ஓடிய சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒனக்குத் தெரியுமா?"

"பளபளன்னுதானக்கா இருந்துச்சு? மண்டபமே வாயப் பொளந்துச்சுல்லா? நாலு மாசம் தறி நின்னு கெடந்துச்சு, ஒனக்குத் தெரியாது. சீருக்கு நான் எங்க போவேன்? ஒன் மாமியா வீட்டு ஆளுக முன்னால வெறுங்கைய வீசிட்டு வரச் சொல்லுதியா?"

"வெறுங்கையோட வந்திருக்கலாம்லே. பிள்ளைய ஒக்கார வைக்க மடி இருந்துச்சுல்லா? நான் அதுக்கு மேல என்ன கேட்டேன்?"

"ஒடையாதுன்னுதான் கடைக்காரன் சத்தியம் பண்ணினான்."

"ஒடையாதுன்னா ஒன் வண்டில மாட்டியிருக்க வேண்டியதுதான? என்னத்துக்கு இதத் தூக்கி மாட்டின?"

அவன் எண்ணிப் பார்க்காமல் சொன்னான்: "என் வண்டில எம் பிள்ளைக போகுதுகக்கா."

சொன்ன பிறகுதான் அவனுக்கே அது கேட்டது. தறிக்கூடத்துக்குள் ஒரு தறி ஓடி நின்றது. ஒரு குழாயில் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். காய்ச்சல் இரவுகளில் தன் தோளில் கிடந்த சிறுவனின் முகம் அதில் எங்கேனும் இருக்கிறதா என்று தேடுவாள்போல் பார்த்தாள். அன்று ரசீது கேட்டபோது கறுத்த முகம்தான் இப்போதும் இருந்தது. அவமானம் என்று அவள் அன்று வாசித்தது அச்சம். அம்மாவின் பெயரை எடுத்து அவள் வாயை அடைத்தவன், ஆள் வந்து வண்டியைப் பார்த்தால் தழும்பு தெரிந்துவிடும் என்று அஞ்சியவன். அந்த அச்சத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு அவளே பொய்யும் சொன்னாள். வஞ்சித்தவன் கையில் ஆயுதம் இல்லை. அவள் அன்பையே அவன் ஆயுதமாக எடுத்திருந்தான்.

"சத்தம் போடாதக்கா. உள்ள அவ இருக்கா" என்றான். பிறகு அருகே வந்து, "இப்பவே இந்த நாலையும் கழட்டித் தாரேன். சங்கையா அண்ணாச்சி எனக்கும் பழக்கந்தான், போன் பண்ணிச் சொன்னாரு. ஒன் வண்டில மாட்டிருவோம். சர்வேயருக்கு ஒண்ணும் தெரியாது. ஒனக்கும் பணம் வந்துரும், எனக்கும் மானம் போகாது. ஒங்கிட்ட மிச்சம் இருக்க மூணையும், கூட ஸ்டெப்னியையும் நான் மாட்டிக்கிடுதேன்" என்றான்.

"அந்த வெல்டிங் வச்சதையா?"

"மெதுவா ஓட்டிக்கிடுவேன்."

அவள் கண்முன் பாண்டிசெல்வியின் இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். மூத்தவன் அத்தையைக் கண்டால் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டான்.

"வேண்டாம்" என்றாள்.

"கோவத்துல பேசாதக்கா."

"கோவம் இல்லலே. ஒரு பொய் சொன்னேன், எம் பிள்ளை கை முறிஞ்சுச்சு. இன்னொண்ணு சொன்னா யாரு பிள்ளைக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அந்த நாலு வீலும் ஒன் வண்டிலயே கெடக்கட்டும்."

பாண்டிசெல்வி இரண்டு டம்ளரில் காப்பியோடு வந்தாள். "என்ன மதினி, நின்னுக்கிட்டே?" வெங்கடேஸ்வரி ஒரு டம்ளரை வாங்கி, சூட்டோடு முழுவதையும் குடித்தாள். வேண்டாம் என்றால் அந்த அப்பாவிப் பெண் காரணம் கேட்பாள். "பிள்ளைய வீட்ல விட்டுட்டு வந்தேன். வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

வீட்டில் பாலகணேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "மரத்தடியில கெடந்தப்பவே அந்தக் கறுப்புக் கோட்டப் பாத்துட்டேன்" என்றார் அவர். "நீயா தெரிஞ்சுக்கிடணும்னு இருந்தேன். ஒந்தம்பி விஷயத்துல நான் சொன்னா நீ நம்பியிருக்க மாட்ட." அவர் சொன்னது மெய். அது வேறொரு முள்ளாகத் தைத்தது.

மறுநாள் சர்வேயர் ஜெபின் வந்தார். இளைஞர், அலைபேசியில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார். ராஜரத்தினமும் கூட வந்திருந்தார். சங்கையா கையைப் பிசைந்துகொண்டு ஒதுங்கி நின்றார்.

"மேடம், பாலிசில மாடிஃபிகேஷன் எதுவும் இல்லைன்னு இருக்கு. இது பதினாறு இஞ்ச் அலாய். எப்ப மாத்தினீங்க?"

"வைகாசியில. காதணி விழாவுக்குச் சீரா வந்தது."

"அப்ப ரினியூவல்ல ஏன் சொல்லல?"

"சொல்லாம விட்டது நான்தான். இந்த அண்ணாச்சி கேட்டாக. கழட்டிட்டோம்னு பொய் சொன்னேன். அவுக மேல தப்பு இல்ல."

ஜெபின் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். இப்படிச் சொல்பவரை அவர் அடிக்கடி கண்டதில்லை போலும். "யார் மேடம் சீர் கொடுத்தாங்க? கழட்டின பழைய வீல் எங்க?"

"கூடப் பொறந்தவன் கொடுத்தான்" என்றாள் வெங்கடேஸ்வரி. "பழசு நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு."

அவர் போனபின், வாசலில் நின்று ராஜரத்தினம் மெல்லச் சொன்னார். "நான் உண்மையச் சொல்லிருதேன் தங்கச்சி. இவங்க, உங்க வண்டியால அடுத்தவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அதுக்கு மட்டும் நிப்பாங்க. உங்க வண்டிக்கு நிக்க மாட்டாங்க. வீலு மாத்தினதச் சொல்லல, அதே வீலாலதான் விபத்து." சற்று நிறுத்தினார். "பிரீமியம் கூடுறத விடுங்க. அன்னைக்கே சொல்லியிருந்தா ஆளு வந்து தட்டிப் பாத்திருப்பான். இது ஆகாதுன்னு அந்த எடத்துலயே கழட்டச் சொல்லியிருப்பான். பிள்ளை கை தப்பியிருக்கும்மா. அதான் எனக்கு ஆறல."

அவளுக்கும் அதுதான் ஆறவில்லை.

இரண்டு வாரத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. வண்டியை உதிரிக்காக விலைக்குக் கேட்டவரிடம் பாலகணேஷ் கொடுத்துவிட்டார். எஞ்சிய மூன்று சக்கரங்களைச் சங்கையா அவள் கண்முன் சம்மட்டியால் அடித்து உடைத்தார். இனி எவர் வண்டியிலும் அவை ஏறலாகாது என்று அவள் கேட்ட ஒரே கோரிக்கை அது. வல்லரசு வரவில்லை. பாண்டிசெல்வி மட்டும் இரண்டுமுறை வந்து, குழந்தையின் மாவுக்கட்டில் மயில் வரைந்துவிட்டுப் போனாள். மாரிச்செல்வி, "மாமா ஏம்மா வரல?" என்று கேட்டாள். வெங்கடேஸ்வரி அந்த மயிலின் தோகையைத் தடவினாள். கை கூடிவிடும் என்று மருத்துவர் சொன்னார். கூடாதது எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரவில் விழிப்பு வரும்போதெல்லாம் அந்த ஒரு வாக்கியம் வந்து பக்கத்தில் படுத்துக்கொள்ளும்: என் வண்டில எம் பிள்ளைக போகுதுக.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. முகில்கள் இன்னும் தாழ இறங்கியிருந்தன. புதிதாக இடித்த மாவோடு மூவரும் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாகக் குன்றை அடைந்தார்கள். வன்னியம்பட்டி விலக்கைப் பேருந்து தாண்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பள்ளத்தில் இறங்கி ஏறியது பேருந்து, அவ்வளவுதான். படிகளில் மாரிச்செல்வி வலக்கையால் அன்னையின் முந்தானையைப் பற்றிக்கொண்டு ஏறினாள்.

சீனிவாசப் பெருமாள் கருங்கல் மேனியில் துளசியும் விளக்கொளியுமாக நின்றிருந்தார். வெங்கடேஸ்வரி மாவில் குழி செய்து, நெய் வார்த்துத் திரியிட்டாள். விளக்கு நின்று எரிந்தது. அர்ச்சனைத் தட்டை வாங்கிய பட்டர் வழக்கம்போல் கேட்டார்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ."

திருமணமாகி வந்த ஆண்டுமுதல் புரட்டாசி அர்ச்சனையில் அவள் முதலில் சொல்லும் பெயர் ஒன்றுதான். கணவர் பெயரும் மகள் பெயரும் அதன் பிறகே வரும். பாலகணேஷ் இதுவரை அதைக் குறையாக எண்ணியதில்லை. இன்று அவர் தலையைத் திருப்பித் தூணைப் பார்த்தார். பின்னால் வரிசை நெருக்கியது. அவள் உதடு பிரிந்து, ஒலி வராமல் மூடியது. பட்டர் காத்திருந்தார். விளக்கின் சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

"வல்லரசு" என்றாள். "ரேவதி நட்சத்திரம்."

பட்டர் அந்தப் பெயரைத் திருவடியில் சேர்த்தார். அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை. அவன் செய்தது எதுவும் அவளுக்குள் ஆறியிருக்கவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. சடாரி வந்து தலையில் அமர்ந்தபோது குனிந்து, பெருமாளுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"அவன் வண்டில ஓடுற அந்த நாலு சக்கரமும் ஒருநாளும் ஒடையாம இருக்கட்டும், சாமி. அதுல போற பிள்ளைக நல்லா இருக்கட்டும்."